காரியமில்லாமல் சென்னைக்கு

வெள்ளி, இரவு 10 மணி, விழுப்புரம்

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பேச்சு வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, கணவருக்கும் இரண்டு நாள் விடுப்பு. "விடியக்காலையில கிளம்பி மெட்ராஸ் போய்ட்டு வரலாமா?" என்றார். "என்ன காரியமா?" என்று அத்தை கேட்டார். "காரியம் ஒண்ணும் இல்லம்மா, ஊரு பாக்கத்தான்." அத்தை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சென்னைக்கு யாரும் காரியமில்லாமல் போவதில்லை. ஸ்கேன் எடுக்கப் போவார்கள், கோர்ட்டு வாய்தாவுக்குப் போவார்கள், கோட்டையில் மனுக் கொடுக்கப் போவார்கள், துபாய்க்குப் போகிற பிள்ளையை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்புவார்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018இல் ஆன்லைனுக்கு மாறும்வரை, அண்ணா பல்கலைக்கழகத்து மர நிழலில் ஃபைலும் அப்பாவுமாகக் காத்துக் கிடந்த வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! நானும் அப்படிக் காத்திருந்தவள்தான். வேலை முடிந்ததும் அடுத்த பஸ். சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கிற தலைநகரத்தை அதன் வரிசைகளாகவும் டோக்கன்களாகவும் மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறோம் என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அத்தைக்குத் தெரிந்த சென்னை இன்னும் சிறியது. மாமாவை ஜி.ஹெச்.சில் சேர்த்திருந்தபோது வார்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்திருந்தார். எதிரே சென்ட்ரல் ஸ்டேஷனின் கடிகாரக் கோபுரம். அவருடைய சென்னை அவ்வளவுதான்.

இட்லி மாவு பொங்கி நிற்கிறது. எல்லாவற்றையும் ஊற்றி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் கட்டிவிட வேண்டும்.

சனி, இரவு, எழும்பூர்

நாலரைக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை இருட்டு. அச்சிறுபாக்கத்துக்கு அப்பால் ஒரு புளியமர நிழலில் இலையைப் பிரித்தோம். பெருங்களத்தூர் நெரிசலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. முன்பதிவு செய்யவில்லை என்பதால் கென்னட் லேனில் நாலைந்து லாட்ஜ் ஏறி இறங்கி, லிஃப்ட் இருக்கிற ஒன்றில் பைகளைப் போட்டோம். அத்தையின் முழங்காலுக்கு லிஃப்ட் அவசியம்.

பிறகு மியூசியம். சின்னவனுக்குத் திமிங்கல எலும்புக்கூட்டின் மேல்தான் கண். பெரியவள் பலகைகளை ஒன்று விடாமல் வாசிக்கிறவள். 1851இல் தொடங்கிய மியூசியம் இது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். 1855இல் இந்த வளாகத்திலேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார். வண்டலூர் பூங்காவின் மூலம் அதுதான் என்றதும் சின்னவன், "அப்ப புலி இங்கதான் இருந்துச்சா?" என்று படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தான்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தின் வாசலில் அத்தை செருப்பைக் கழற்றினார். "வேணாம்மா, போட்டுக்கிட்டே போலாம்" என்றார் காவலர். "இருக்கட்டும்பா" என்று சுவரோரம் விட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் தடுக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்தாலும் அவருக்கு அது சாமி. அந்த மரியாதையை எந்த மியூசியமும் தாங்கும்.

ஓர் அர்த்தநாரியின் முன்னால் நின்று பெரியவள் உரக்க வாசித்தாள்: திருவெண்காடு, பதினோராம் நூற்றாண்டு. அத்தை சட்டென்று திரும்பினார். அவர் பிறந்தது திருவெண்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அந்தக் கோயிலின் முக்குளத்தில் முங்கி எழுந்து வளர்ந்தவர். "எங்க ஊரு சாமி இங்க எதுக்கு வந்து நிக்குது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த ஊர்த் திருமேனிகள் பல மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. ஆபத்துக் காலத்தில் யாரோ பத்திரமாகப் புதைத்து, எடுக்க ஆளில்லாமல் போயிருக்க வேண்டும். மண்ணில் கிடைக்கிற புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வழியில் மியூசியத்துக்கு வந்த திருமேனிகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அத்தை பதில் பேசாமல் சிலையை வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. மொத்தம் மூன்று. ஆண்பாதியின் தோள் அகன்று நேராக இறங்குகிறது. பெண்பாதியில் இடை ஒடுங்கி இடுப்பு வெளியே தள்ளி நிற்கிறது. இரண்டும் சேருமிடத்தில் கோடு எதுவும் இல்லை. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துச் சொல்ல முடியாது. மெழுகில் பிடித்து, களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிச் செய்தது. அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும், அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. "அம்பாளுக்கு ஒத்தக் கையே போதும்னு விட்டிருக்கான் பாரும்மா" என்றார் அத்தை. எத்தனையோ புத்தகத்தில் இந்தச் சிலையின் படத்தைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சமநிலையை அவர் சொல்லித்தான் கண்டேன்.

சாயங்காலம் சின்னவனுக்காக மெட்ரோ. எழும்பூரிலிருந்து சென்ட்ரல் அடுத்த ஸ்டேஷன்தான். உட்கார்ந்து எழுவதற்குள் வந்துவிட்டது, அவனுக்கு ஏமாற்றம். மேலே ஏறி வந்தால் எதிரே ஜி.ஹெச். சுற்றிப் போய்விடலாமா என்று அவர் என்னைப் பார்த்தார். அத்தை முந்திக்கொண்டார்: "அந்தப் பக்கம் போவோம்."

வாசலருகே நோயாளிகளோடு வந்தவர்கள் பைகளைத் தலைமாட்டில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எந்த மாவட்டம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் அத்தை போய்ப் பேச்சுக் கொடுத்தார். எந்த வார்டு, தண்ணி எங்க பிடிக்கிற, ராத்திரி எங்க படுக்கிற. தன் காலத்து விவரங்களையும் சொன்னார். பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். 1664இல் கோட்டைக்குள் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி. இன்று பணமில்லாத யாரும் நம்பி வருகிற இடம். இந்த நகரத்தை எங்கள் ஜனங்கள் பயந்துகொண்டே நேசிப்பதற்கு இந்த வாசல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு, இரவு, விழுப்புரம்

காலை ஆறு மணிக்கு மெரினா. மணலில் நடக்க அத்தையால் முடியாது. அதற்குத்தான் மரப்பலகைப் பாதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடலருகே போக 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். நகரம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்று அலுத்துக்கொள்கிற எனக்கு, அந்தப் பலகையின் மேல் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரை அவர் மகன் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அத்தை கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிவரை நடந்தார். "பூம்புகார்ல பாத்த கடல்தான். இங்க சத்தம் கொஞ்சம் கூட" என்றார்.

திரும்பும்போது ஐஸ் ஹவுஸ். 1842இல் ஃபிரெடரிக் டூடரின் கம்பெனி கட்டியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இங்கேதான் சேர்த்து வைத்தார்கள். வழியில் எல்லாம் உருகியிருக்காதா என்று கேட்ட சின்னவனுக்கு, மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்ததைக் கணவர் விளக்கினார்.

மதியம் வண்டலூர். சுமார் 600 ஹெக்டேர். பேட்டரி வண்டியில் ஒரு சுற்று. புலி தூங்கிக்கொண்டிருந்தது.

மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது அத்தையின் போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது: "ரெண்டு நாளா வீடு பூட்டிக் கெடக்கு, மெட்ராஸ்னு சொன்னாங்க. யாருக்கு என்ன உடம்புக்கு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடி. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஊரு பாக்கப் போனோம்" என்று தொடங்கி, எங்க ஊரு சாமி, மூணு கை, பலகை மேல நடந்து கடல், தூங்கின புலி என்று அத்தை சொல்லி முடிக்கும்போது ஆத்தூர் டோல்கேட் வந்துவிட்டது. மியூசியத்தை ஒட்டியே இருக்கிற கன்னிமாரா நூலகத்துக்குள் போகவில்லையே என்று பெரியவளுக்கு வருத்தம். அதற்கு ஒரு முழுநாள் வேண்டும் என்கிறாள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜி.ஹெச். வாசலில் பார்த்த அந்தப் பெண்ணின் குழந்தைக்கு ஒரு கம்பளி எடுத்துப் போக வேண்டும் என்றார் அத்தை. அதற்குள் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்றேன். "திரும்பியிருந்தா நல்லதுதான். இல்லன்னா குடுப்போம்."