கல்லும் எம் பல்லும்

தமிழ் பயில்வோர்க்குக் கல்லோடு என்ன உறவு என்று வினவும் நண்பர்கட்கு முதற்கண் ஓர் உண்மையைக் கூறிவிடுகின்றோம். இக்கட்டுரையை எழுதப் புகுந்தது கல்லின்மீது கொண்ட காதலால் அன்று. பல்லின்பொருட்டுப் பட்ட நாணத்தால். எம்மை நேரிற் கண்டோர் அறிவர்: எம் முன்பற்களின் குறுக்கே பழுப்பு நிறக் கோடுகள் ஓடும், ஆங்காங்கே சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்திட்டுகளும் தோன்றும். கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில், விடுதி உணவுச்சாலையில் எமக்கு எதிரே அமர்ந்த மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, புகையிலைப் பழக்கம் உண்டோ?" என்று பரிவோடு வினவினார். அவர் கேட்டதிற் பிழையில்லை. ஆயினும் அன்று முதல், பேசும்பொழுது வாயைக் கையால் மறைக்கும் வழக்கம் எம்மிடம் வேரூன்றிவிட்டது. அவ்வாண்டு முத்தமிழ் விழாவிற் பேசுமாறு எம் பேராசிரியர் பணித்தபொழுது, தொண்டை கட்டியிருக்கிறதென்று பொய்யுரைத்துத் தப்பினோம். கரித்தூள், உப்பு, வேலங்குச்சி, விளம்பரங்கள் போற்றும் பற்பசைகள் யாவற்றையும் கையாண்டு பார்த்தோம். கறை இம்மியும் அசையவில்லை.

அசையாமைக்குக் காரணம் யாதென அறிந்தது சென்ற ஆடித் திங்களில். பூகர்ப்ப சாஸ்திரம் பயிலும் அண்ணன் ஒருவர் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் இருந்தார். மழை பெய்த ஒரு மாலை, தம் துறையின் கல் அலமாரியைக் காட்டுவதாக எம்மை அழைத்துச் சென்றவர், விரல் நீளமுள்ள பசுங்கல் ஒன்றை எம் கையில் வைத்து, "இஃது என்ன, சொல் பார்ப்போம்" என்றார். அஃது ஆறு பட்டைகளோடு கண்ணாடி போல் ஒளிர்ந்தது. மரகதம் என்றோம். அவர் நகைத்து, "நீ மட்டுமா தம்பி? உலகமே அப்படித்தான் ஏமாந்தது" என்றார்.

அக்கல்லின் பெயர் அபடைட்டு. பச்சை, மஞ்சள், நீலம், ஊதா, பழுப்பு எனப் பல நிறத்தினும் தோன்றிப் பிற மணிகளின் கோலத்தைப் பூண்டு நிற்கும். ஜெர்மானியப் பேராசிரியர் ஆபிரகாம் வெர்னர் என்பார் 1786 ஆம் ஆண்டில் இதற்கு இப்பெயரை இட்டார். ஏமாற்றுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. பின்னர் 1812 இல் பிரீடிரிக் மோஸ் என்பார் கனிப்பொருள்களின் கடினத்தை அளக்கப் பத்துப் படிகள் வகுத்தபொழுது ஐந்தாம் படியில் நிறுத்தியதும் இதனையே. எஃகுக் கத்தியை அழுத்திக் கீறினால் கோடு விழும்; ஆதலின் மணிக்கடையில் இதற்குப் பெருமதிப்பு இல்லை. இவற்றையெல்லாம் கூறி முடித்த அண்ணன், சிறிது தயங்கி, "கோபித்துக்கொள்ளாதே. உன் பல்லைத் தொட்டுப் பார். அதுவும் இதுவும் ஒரே குலம்" என்றார்.

யாம் கோபித்தோம் என்பதே உண்மை. எம் பல்லைக் குறித்து அவர் வாய்திறந்தது அதுவே முதன்முறை. ஆயினும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. மறுநாள் மாலையும் சென்றோம்.

கால்சியமும் பாஸ்பேட்டும் கூடியது அபடைட்டு என்பர் இரசாயன நூலார். அவ்விரண்டும் நிலைத்து நிற்க, அவற்றிடையே உள்ள ஓரிடத்தில் மட்டும் புளோரின், குளோரின், நீரின் ஒரு கூறாகிய ஹைடிராக்சில் என்னும் மூன்றனுள் எதுவும் வந்து அமரலாம். இதனை விளக்க அண்ணன் வட்டங்களும் கோடுகளும் வரைந்து இடர்ப்பட்டார். எமக்கோ அது சொல்லிலக்கணமாகவே தோன்றியது. பகுதியும் இடைநிலையும் மாறாதிருக்கச் செய்தான், செய்தாள், செய்தார் என விகுதி மட்டும் மாறுவதன்றோ? பாறையிலுள்ள அபடைட்டிற்குப் பெரும்பாலும் புளோரின் விகுதி. நம் என்பிலும் பல்லிலும் உள்ளதற்கு, கார்பனேட்டும் சிறிது விரவிய ஹைடிராக்சில் விகுதி. விகுதி மாறினாற் பொருள் மாறும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். எம் கதை முழுதும் அதனுள் அடங்கும்.

எம் கையில் வைத்தது போன்ற பெரும்படிகம் எளிதிற் கிடைப்பதன்று. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத அபடைட்டோ எங்கும் உளது. கருங்கல்லை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள ஏடாகத் தேய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், படிகங்களின் நடுவே நிறமற்ற சிற்றூசிகள் தென்படும். குறுக்கே வெட்டுண்டவை அறுகோணமாய்க் காணும். அவையே அபடைட்டு. அண்ணன் எமக்குக் காட்டிய ஏடு சார்னாக்கைட்டு என்னும் பாறையினது. அப்பெயரின் வரலாறு சுவையுடையது. கொல்கத்தா நகரின் செயின்ட் ஜான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறை உளது. அதன்மேற் கிடக்கும் கல் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளின் கல் எனக் கண்ட தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூலறிஞர், 1893 ஆம் ஆண்டில் அக்கல்லின் இனத்திற்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டிவிட்டார். மூடப்பட்ட என்பிலும் மூடிய கல்லிலும் ஒரே பொருள் இருக்கிறதென்பதை அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கல் எவ்வாறு என்பாகின்றது? மழைநீரும் வேர்களின் புளிப்பும் பாறைத் துகளைக் கரைக்கப் பாஸ்பரம் மண்ணில் இறங்குகின்றது. நெல்லும் கேழ்வரகும் அதனை உறிஞ்சுகின்றன. அவற்றை உண்ட யாக்கையில் அது மீண்டும் அபடைட்டாகின்றது. வளர்ந்த மனிதன் உடலில் ஏறக்குறைய 700 கிராம் பாஸ்பரம் உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு என்பிலும் பல்லிலும் உறைகின்றது. உழவர் வயலில் இடும் சூப்பர் பாஸ்பேட்டும் இவ்வழியைக் குறுக்கிய ஒரு தந்திரமே. என்பையும் பாஸ்பேட்டுக் கல்லையும் கந்தக அமிலத்திற் கரைத்து அவ்வுரம் செய்யும் முறைக்கு ஜான் லாஸ் என்பார் 1842 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கல்லாகிய என்பு, ஏன் கல்லைப்போல் பொடிந்துவிடுவதில்லை? இதற்கு விடை காண, ஞாயிற்றுக்கிழமை உணவில் எஞ்சிய கோழியெலும்பு ஒன்றைக் காடியில் இட்டு அறையில் வைத்தோம். (அவ்வாரம் எம் அறைக்கு விருந்தினர் எவரும் வந்திலர்.) எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தபொழுது அது ரப்பரைப் போல் வளைந்தது. கல்லைக் காடி கரைத்துவிட்டது; நாரைப் போன்ற புரதம் மட்டும் எஞ்சியிருந்தது. என்பு கல்லும் நாரும் சேர்ந்த பின்னல் என்பதைக் கையால் தொட்டு உணர்ந்தோம்.

என்பிற்கும் பல்லிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. என்பு உயிருள்ளது. பழைய அபடைட்டை அரித்து அகற்றிப் புதியதை இடும் வேலை அதனுள் ஓயாமல் நிகழ்கின்றது. ஆண்டொன்றிற்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு புதிதாகின்றது என்பர். செல்லரிக்கும் முன் படியெடுத்துப் படியெடுத்துக் காக்கப்பட்ட ஓலைச்சுவடியை ஒத்தது என்பு. பல்லின் மேலுறையாகிய பற்சிப்பியோ கல்வெட்டு. அதிற் கல்லின் பங்கு நூற்றுக்கு 96. அதனைச் செதுக்கிய உயிரணுக்கள் பல் முளைத்தவுடன் மாய்ந்துவிடுகின்றன; பின்னர் எழுதவும் திருத்தவும் எவரும் இல்லை. நிலைத்த பற்களுள் பெரும்பாலானவற்றின் பற்சிப்பி, குழந்தைக்கு எட்டு வயதாகுமுன் ஈறினுள்ளேயே உருவாகிவிடும். அவ்வெட்டு ஆண்டுகளில் குடித்த நீர் எத்தகையதென்பது அதில் பொறிக்கப்பட்டுவிடுகின்றது. எம் கறையை வேலங்குச்சி அசைக்காத காரணம் இப்பொழுது விளங்கும்.

அந்நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம் ஊர் தருமபுரி மாவட்டத்தின் வறண்ட பகுதியில் உள்ளது. யாம் பிறப்பதற்கு முன், மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர்க்கிணறுகள் வற்றின. அப்பொழுது எம் பாட்டனார் தம் உழவு மாடுகள் இரண்டையும் விற்று, வீட்டின் முன் 300 அடி ஆழத்திற்குத் துளைக்கிணறு இட்டார். நீர் பளிங்கு போல் வந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமாகிவிட, அடிபம்பு எம் ஆயாவின் பொறுப்பாயிற்று. தெருவில் உள்ளோர் எக்குலத்தவராயினும் எந்நேரமும் குடம் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர் இட்ட சட்டம். குழந்தைகட்கு மட்டும் காய்ச்சிய நீரையே தருவார். காய்ச்சினால் நீர் குறையுமேயன்றிப் புளோரைடு குறையாது என்பதை அவர் எவ்வாறு அறிவார்? நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் வேறுபாடு இல்லை.

ஆழத்துப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கிய நீரில், அபடைட்டு, கருநிற மைக்கா, ஹார்ன்பிளெண்டு முதலியவற்றிலுள்ள புளோரின் சிறிது சிறிதாய்க் கரைந்து சேர்கின்றது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஆகாதென்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அளவிற் குறைந்த புளோரைடு பல்லிற்குக் காப்பு. புளோரின் விகுதி பெற்ற அபடைட்டு, புளிப்பிற்கு எளிதிற் கரையாது. அளவு மிகுமாயின் குழந்தையின் பற்சிப்பி செவ்வனே முதிராது. துளை மலிந்து, வெளுத்துப் பின் பழுப்பேறும். அமெரிக்க நாட்டுக் கொலராடோவில் இக்கறையைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். குற்றவாளி குடிநீரின் புளோரைடே என்பது 1931 இல் தெளிவாயிற்று. நீண்ட நாள் பருகினால் என்பும் தப்பாது: தடித்து, முதுகெலும்பு இறுகி, உடல் வளையும். அந்நோய் மனிதரைப் பற்றியிருந்ததை, அந்நாளைச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களிற் கண்டு, ஷார்ட்டு முதலிய மருத்துவர்கள் 1937 இல் எழுதினர்.

எம் ஆயாவின் முதுகு வளைந்திருந்தது. ஆலயத்தில் அவர் ஆராதனை முழுதும் தரையையே நோக்கி நிற்பார். களை பறித்த முதுகு என்றே யாவரும் எண்ணினோம். அவர் உயிரோடிருக்கையில் எந்த மருத்துவரும் படமெடுத்துப் பார்க்கவில்லை; ஆதலின் அது புளோரைடால் விளைந்ததே என்று சாதிக்க எம்மால் இயலாது. எமக்கு ஐந்து வயதாயிருக்கையில் இருவர் வந்து நீரைச் சோதித்து, அடிபம்பிற்குச் சிவப்பு வண்ணம் பூசிச் சென்றது மட்டும் நினைவில் உள்ளது. குடித்தற்கு ஆகாதென்பது அதன் பொருள். ஆயா அன்று உணவு கொள்ளவில்லை. "மாட்டை விற்று இட்ட தண்ணீர் கண்ணு இது. இதை விஷம் என்கிறார்கள்" என்று எம்மிடம் சொன்னார். தெருவார் வருவது நின்றது. அவரோ அதனையே குடித்தார்; எமக்கும் கொடுத்தார். யாமும் குடித்தோம்.

2013 ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. எமக்கு அப்பொழுது எட்டு வயது. காவிரியின் நீர் குழாய்வழி எம் தெருவிற்கும் வந்தது. இதில் ஒரு வியப்பு: ஒகேனக்கற் பகுதியில் கார்பனட்டைட்டு என்னும் அரிய பாறை ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளாகக் கிடக்கின்றது, அதிலும் அபடைட்டு உண்டு. ஆயினும் ஆற்றுநீர் பாறையோடு தங்கிப் பேசுவதில்லை, ஓடிவிடுகின்றது. எம் தங்கை அதற்கடுத்த ஆண்டிற் பிறந்தவள். அவள் பற்களிற் கறை இல்லை.

அண்ணன் கூறிய இன்னொரு செய்தியோடு முடிக்கின்றோம். மண்ணில் புதைந்த என்பும் நீர் பருகுமாம். நிலத்தடி நீரின் புளோரைடு நாளடைவில் அதிற் சேர்ந்துகொண்டே போகும். ஆதலின் ஓரிடத்தே கிடைத்த என்புகள் ஒரே காலத்தனவா என்று அதனை அளந்து தேறலாம். இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னுமிடத்துக் கிடைத்ததாக 1912 இல் அறிவிக்கப்பட்ட மண்டையோட்டை ஆதிமனிதனுடையதென அறிஞர் பலர் நம்பினர். கென்னத் ஓக்லி என்பார் 1949 இல் அதன் புளோரினை அளந்து, அத்துணைப் பழமையுடையதன்றெனக் காட்டினார். 1953 இல் தாடை ஒராங்குட்டான் குரங்கினது என்னும் வஞ்சகம் முற்றும் வெளிப்பட்டது. ஏமாற்றுக்காரன் எனப் பெயர் பெற்ற கல்லே சான்று கூறிற்று!

இவ்வாண்டு முத்தமிழ் விழாவிற் பேசினோம். கையை எடுத்துவிட்டோம் என்று பெருமையடிக்க இயலாது. இருமுறை மட்டும் வாயை மறைத்ததாக அண்ணன் எண்ணிச் சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு ஊர் சென்றபொழுது அவர் இரவல் தந்த கைலென்சையும் எடுத்துச் சென்றோம். ஆயாவின் கல்லறைமேல் எம் மாவட்டத்துக் கருங்கல்லே பதிக்கப்பட்டிருக்கிறது. தங்கை குழாய்நீரைக் குடத்திற் கொணர்ந்து அதனைக் கழுவினாள். ஈரம் உலருமுன் யாம் குனிந்து லென்சை வைத்து உற்று நோக்கினோம்.

"அண்ணா, என்ன தேடுகிறாய்?" என்றாள்.

ஊசி போன்றதொரு படிகம் என்றோம். இந்த லென்சிற்கு அகப்படாது, கல்லை ஏடாகத் தேய்த்தாற்றான் காணலாம் என்றோம்.

"ஆயா கல்லைத் தேய்க்காதே" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு குடம் நீர் கொணரச் சென்றாள்.