மக்வே அருவியும் மாயவரம் வீடும்

ஆறு கடலில் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் காவிரி பூம்புகாரில், வழியெல்லாம் பங்கு கொடுத்துக் களைத்துப்போய், வந்ததே தெரியாமல் வந்து சேரும். அருவியே நேராகக் கடலில் குதிப்பது அபூர்வம். அப்படி ஒன்று கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் இருக்கிறது. பெயர் மக்வே அருவி.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 250 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பசிபிக், நடுவே 1-ம் நம்பர் நெடுஞ்சாலை. மண் சரிந்தால் மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள். போவதாக இருந்தால் சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சில வருடம் முன்பு எங்கள் பையன் அழைத்துப்போனான். சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டி நடந்தால் நீலமும் பச்சையுமாக ஒரு குட்டி விரிகுடா. 80 அடி உயரத்திலிருந்து வெள்ளை வேட்டியை உதறிவிட்ட மாதிரி தண்ணீர்.

"ஏங்க, கீழ இறங்கி ஒரு கை எடுத்துத் தலையில தெளிச்சுக்கலாமா?" என்றாள் என் மனைவி.

இறங்க வழி கிடையாது. மீறினால் அபராதம். "பார்க்க மட்டும்தாம்மா" என்றான் பையன்.

"அருவின்னா குளிக்கணும்டா. பார்க்கறதுக்கா?"

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நாம். நியாயமான கேள்விதான்.

கீழே தெரியும் மணல்கூடப் புதுசு. 1983 மழையில் பக்கத்து மலை சரிந்து கடலில் இறங்க, அலை அந்த மண்ணை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு முன் அருவி நேரே கடலில்தான் விழுந்துகொண்டிருந்தது. இப்போதும் கடல் ஏறும்போது அப்படித்தான்.

அருவிக்கு எதிரே பாதை முடிகிற இடத்தில், அந்த மலைக்குச் சம்பந்தமில்லாத பனை ஜாதி மரங்கள். ஒரு காலத்தில் அங்கே வீடு இருந்தது. லாத்ராப் பிரவுன், ஹெலன் தம்பதி 1924-ல் இந்தப் பண்ணையை வாங்கினார்கள். லாத்ராப் அமெரிக்க காங்கிரஸில் இருந்தவர். பிற்பாடு ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர். ஜன்னலைத் திறந்தால் அருவி. ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுழற்றி வீட்டுக்கு மின்சாரம்.

1959-ல் கணவர் போனபிறகு ஹெலன் அத்தனையையும் மாநில அரசுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பூங்காவுக்கு, தனக்கு முன்பே காலமாகிவிட்ட சிநேகிதி ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் பெயரை வைக்கச் சொன்னார். அந்த வட்டாரத்தில் பண்ணை வேலை பார்த்து வாழ்ந்த பெண்மணி அவர். வீட்டை மியூசியம் ஆக்குங்கள், முடியாவிட்டால் இடித்துவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். மியூசியம் ஆகவில்லை. 1965-ல் இடித்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் உபயதாரர் பெயர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என் மனைவிக்கு வேறு.

"ஏங்க, நம்ம மாயவரம் வீட்டை என்ன பண்ணப் போறோம்?"

பையன் கேமராவை இறக்கினான். அவன் திரும்பி வரப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

"வித்துடலாமேம்மா" என்றான், தரையைப் பார்த்து.

"விக்கறதுக்கு என்னடா அவசரம்? யாருக்குக் கொடுக்கலாம்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் அருவிச் சத்தம் மட்டும்தான். பிறகு அவனே, "தெருக்கோடி ஸ்கூல் பசங்க உட்கார்ந்து படிக்க இடம் இல்லைன்னு சொல்வியே..." என்றான். அவன் அந்த வீட்டைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பத்திரம் இன்னும் எழுதவில்லை. பெயர்ப்பலகை விஷயத்தில் மட்டும் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. எங்கள் பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் 25 வருடம் பாத்திரம் தேய்த்த, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவின் பெயர்தானாம்.

உங்கள் வீட்டிலும் பேசாமல் தள்ளிப்போட்ட ஒரு பேச்சு இருக்கும். அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்துப் பாருங்கள்.