கைகோத்து நிற்கும் செல்கள்



பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தன் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். வாய்ப் புற்றுநோயில், செல்களை ஒட்டவைக்கும் புரதங்கள் என்ன ஆகின்றன என்பதுதான் தலைப்பு. "சார், நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே எழுதுங்களேன்" என்றாள். பழைய உயிரியல் வாத்தியாருக்கு இது போதாதா!

கன்னத்தின் உட்பக்கச் சவ்வில் செல்கள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஈ-கேதரின் என்ற புரதத்தைக் கை மாதிரி வெளியே நீட்டி, பக்கத்துச் செல்லின் ஈ-கேதரினைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே கேட்டனின் என்ற புரதங்கள் அந்தக் கையைச் செல்லின் சட்டகத்தோடு கட்டி வைக்கின்றன. கால்சியம் இருந்தால்தான் பிடி நிற்கும். கியோட்டோவில் இதைக் கண்டறிந்த மசாதோஷி தகேய்ச்சி, அதனால்தான் 'கேதரின்' என்று பெயரிட்டார்.

உடனே எங்கள் பெரியண்ணன் கேட்பார்: "அப்போ வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறது நல்லதுதானே, அதுவும் கால்சியம்தானே?" இல்லை அண்ணா. செல்லுக்கு வேண்டிய கால்சியம் ரத்தத்திலிருந்து வந்துவிடுகிறது. சுண்ணாம்பு சவ்வை அரிக்கிறது. அதன் காரத்தில் பாக்கிலிருந்து கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்புகின்றன. புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்துவிட்டது.

புற்று வந்த இடத்தில் பல நேரம் ஈ-கேதரின் குறைந்துபோகிறது. பெரும்பாலும் ஜீன் அழிவதில்லை, அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். ஸ்நெயில், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சில செல்கள் ஈ-கேதரினுக்குப் பதிலாக, நகரும் செல்களுக்கு உரிய என்-கேதரினை எடுத்துக்கொள்கின்றன. பிடி தளர்ந்த செல் அடியில் உள்ள தசைக்குள் இறங்கும், கழுத்து நெறிக்கட்டி வரை போகும். கைவிடாமல் கும்பலாகவே நகரும் செல்களும் உண்டு என்பதால், இந்த ஒரு புரதத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

என்னை உறுத்தியது வேறு. வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே சிலருக்கு இந்தப் பிடி தளரத் தொடங்கியிருக்கிறதாம். அப்போது வலியே இருக்காது. நம் வீடுகளிலோ "வலிக்கலையே, அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் வழக்கம்.

திருவனந்தபுரம் பக்கம் 1996-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. எந்த மெஷினும் இல்லை. வெளிச்சமும் கண்ணும் மட்டுமே.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். நமக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

பெரியண்ணா, உங்கள் இடது கன்னத் திட்டைப் பற்றி அண்ணி சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன்.