ஏரியில் மிதந்த மரக்கலம்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திற் பிறந்த எமக்குச் சமுத்திரம் என்பது நெடுநாள் வரை புத்தகத்திற் கண்ட சொல்லாகவே இருந்தது. ஆயினும் கப்பல் கட்டும் ஆசை இளமையிலேயே உண்டாயிற்று. மலைநீர் வந்து ஏரி நிரம்பும் மாதங்களில் கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து மரக்கலம் செய்து, கயிறு கட்டிக் கரையோரமாய் இழுத்துக்கொண்டு ஓடுவோம். ஒருமுறை எம் தம்பி அதில் உயர்ந்த பாய்மரமொன்றை நாட்டினான். மெல்லிய காற்று வீசிற்று, கலம் கவிழ்ந்தது. யாம் நகைத்தோம், அவன் அழுதான்.

அத்தம்பியே பிற்காலத்தில் கப்பலில் இயந்திர வேலைக்கு அமர்ந்தான். அவன் புறப்பட்டுச் சென்ற இரவு, கடலையே கண்டிராத எம் அன்னையார், "ஏனப்பா, படித்தவன் நீ, அந்தக் கப்பல் கவிழாதென்று எப்படித் தெரியும்?" என்று வினவினார். கவலை வேண்டா என்று கூறித் தப்பியிருக்கலாம், அது விடையாகாது.

எமக்கு முதலில் நினைவிற்கு வந்தது ஆங்கிலேயரின் 'காப்டன்' என்னும் போர்க்கப்பல். பளுவான பீரங்கிக் கோபுரங்களும் நெடிய பாய்மரங்களும் உடையது அது. நீருக்குமேல் எட்டடி நிற்கவேண்டிய அதன் பக்கம் ஆறரை அடியளவே நின்றது. 1870-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்துப் பினிஸ்டெர் முனைக்கு அப்பால், காற்றில் அது கவிழ்ந்து ஏறக்குறைய 480 பேர் மாண்டனர். இதனை அன்னையாரிடம் கூறினோமில்லை.

வில்லியம் புரூட் என்பாரைப் பற்றியே கூறினோம். அவர் 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட தொட்டியொன்று அமைத்து, மெழுகினாற் செய்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பரீட்சித்தார். மாதிரியின் நீளம் கப்பலில் 25-இல் ஒரு பங்கானால், அதன் வேகம் 5-இல் ஒரு பங்காதல் வேண்டும். அப்பொழுதே இரண்டும் ஒத்த வடிவான அலைகளை எழுப்பும். எடையோ 15,625-இல் ஒரு பங்கு! நீரின் உராய்வு மட்டும் இவ்விதிக்கு அடங்காது. அதனைத் தனியே கணக்கிட வேண்டும். ஏரிக்கரையில் யாம் ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கற்ற ஓட்டமென்பது இதனைக் கற்றபோதுதான் விளங்கிற்று.

நம் நாட்டிலும் விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 500 மீட்டர் நீளமுள்ள இழுவைத்தொட்டி உண்டு. இக்காலத்துக் கணினியோ, கப்பல் உருப்பெறுமுன்பே நீரைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணித்துவிடுகிறது. எனினும் தொட்டியில் ஒத்துப்பாராமல் அக்கணக்கை முழுதும் நம்புதல் அறிவுடைமையன்று என்பது எம் கருத்து.

இவையெல்லாம் அன்னையாருக்கு எட்டவில்லை. ஆதலின் அண்டா நீரில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதனடியில் எடைக்கல்லை வைத்து, விரலாற் சாய்த்துக் காட்டினோம். கிண்ணம் நிமிர்ந்தது.

"அவர்கள் தொட்டியில் அலையும் அடிக்குமா?"

"இயந்திரத்தால் எழுப்புவார்கள், அம்மா."

"எல்லா அலையுமா?"

"எண்ணிப் பார்க்கக்கூடிய கொடிய அலைகளை."

அவர் தாமே கிண்ணத்தைச் சாய்த்தார், நிமிர்ந்தது. இன்னும் சாய்த்தார், நீர் புகுந்து அமிழ்ந்தது. "இவ்வளவு சாயாமல் இருக்கவேண்டும்" என்று மெல்லக் கூறி, கிண்ணத்தை எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்தார்.