இருவர் படகில் ஒருவர்

டொராண்டோவிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் பீட்டர்பரோ வரும். ஊரின் நடுவே ஒட்டனபீ ஆறு ஓடுகிறது. கனடாவில் கனூ என்கிற துடுப்புப் படகைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஊரின் பெயர் தானாக வந்துவிடும். பீட்டர்பரோ கனூ கம்பெனி 1961இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே கட்டிய படகுகள் இன்னும் ஏரிக்கரை வீடுகளின் கொட்டகைகளில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றைச் செப்பனிடத் தெரிந்தவர்களும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அப்படியொரு பட்டறையில் ஜூன் மாதத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் சீடார் மர வாசனை. இரண்டு மரக்குதிரைகள் மேல் 16 அடிப் படகு ஒன்று ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. வெளியே பச்சை வண்ணம் பூசிய கித்தான்; உள்ளே நெருக்கமாக வளைத்துப் பொருத்திய சீடார் வங்குகள். படகின் விலா எலும்புகளுக்கு நம் கடற்கரைத் தச்சர்கள் சொல்லும் பெயர்தான் வங்கு. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் பிரெடெரிக்டன் நகரில் இருந்த செஸ்ட்நட் கம்பெனி கட்டிய ‘பிராஸ்பெக்டர்’ வகைப் படகு இது. கனூவைப் பற்றிப் படமெடுத்த பில் மேசனுக்கு உயிரான வகை. இரண்டு பேர் துடுப்புப் போடுவதற்கென்று, முனைக்கு ஒன்றாக இரண்டு இருக்கைகள்.

படகுக்காரர் ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இந்தக் கோடையில் அவரால் துடுப்புப் பிடிக்க முடியாது, கணவர் தனியாகத்தான் போகவேண்டும். அடுத்த வருஷம் பழையபடி இருவருமாகப் போகப்போகிறார்கள். ஆகவே இரண்டு இருக்கைகளையும் தொடாமல் வேலை முடியவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த ஒரு நிபந்தனைதான் வேலையை ருசியாக்கியது.

தனியாகப் போகிறவர் பின் இருக்கையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் ஆகாதா? பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுகிற கேள்வி. ஆகாது. பின் இருக்கை படகின் நடுவிலிருந்து ஏறத்தாழ நாலு அடி தள்ளி இருக்கிறது. 75 கிலோ மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்தால் அமரம், அதாவது பின்முனை, அமிழ்ந்து முன்முனையான அணியம் ஆகாயம் பார்க்கும். காற்றுக்கு அதுவே பாயாகிவிடும். எதிர்க்காற்றில் முன்முனையைப் பிடித்து நிறுத்த முடியாமல் படகு சுற்றிப்போகும். ஏரி நடுவில், தண்ணீர் சில்லிட்டிருக்கும் மாதங்களில், இது உயிருக்கே ஆபத்து.

இந்நாட்டுப் படகோட்டிகள் இதற்கொரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். படகைத் திருப்பிக்கொண்டு, முன் இருக்கையில் பின்னோக்கி உட்கார்வது. இரண்டு முனையும் ஒரே வடிவமுள்ள படகில் எது முன், எது பின் என்பது உட்காருகிறவர் முடிவு செய்வதுதான். முன் இருக்கையில் அமர்பவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமென்பதால் அது முனையிலிருந்து கூடுதலாகவே உள்ளே தள்ளியிருக்கும். நாலு அடி தூரம் இப்படி மூன்றடியாகக் குறையும். முன்னால் ஒரு மூட்டையையோ தண்ணீர் நிரப்பிய பையையோ வைத்தால் படகு ஓரளவு மட்டமாகும். இருக்கையை ஒட்டிக் குறுக்குச் சட்டம் இருந்தால் மட்டும் கால் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட படகில் இதைச் செய்யவே கூடாது.

“மூன்றடியும் அதிகம்தான்” என்றார் மூத்த தச்சர். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. உதவிக்கு ஓர் இளம்பெண் இருந்தார்.

இருக்கையைக் கழற்றாமல், நடுவுக்கு அருகே மண்டியிட்டுச் சாய்ந்துகொள்ள ஒரு குறுக்குச் சட்டம் போடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். படகின் சரிநடுவில் ஏற்கெனவே ஒரு சட்டம் உண்டு. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமக்கும்போது தோளில் உட்கார வளைவு செதுக்கிய நுகத்தடி அது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கேயே இருக்கை மாட்டுகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது தச்சருக்குக் கோபமே வந்தது. சுமக்க மட்டுமல்ல, படகு பக்கவாட்டில் விரிந்துவிடாமல் இரண்டு விளிம்புகளையும் இழுத்துப் பிடித்திருப்பதும் அந்த நுகம்தான்.

அளவெடுப்பதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். காலையிலேயே உரிமையாளரை வரச்சொல்லிப் படகை ஆற்றில் இறக்கியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பால் பெட்டியைக் கவிழ்த்து நுகத்துக்குப் பின்னால் வைத்து, முழங்கால் இரண்டையும் நுகத்துக்கு அடியில் நுழைத்து, பெட்டிமேல் சாய்ந்து மண்டியிடச் சொன்னார்கள். இளம்பெண் கரையில் குனிந்து இரண்டு முனையிலும் தண்ணீர் ஏறும் மட்டத்தைப் பார்த்துக் கை காட்ட, பெட்டி விரலளவு விரலளவாக நகர்ந்தது. நுகத்திலிருந்து ஒன்றரை அடி வந்ததும் நிறுத்தினார்கள். விளிம்பில் சாக்கட்டிக் கோடு விழுந்தது. மண்டியிடுகிறவரின் உடல்பாரம் சாயும் சட்டத்துக்கு முன்னால்தான் விழும் என்பதால், பாரம் நடுவிலிருந்து ஓரடிதான் விலகியிருந்தது. அந்த ஓரடியை முன்னால் வைக்கும் மூட்டை பார்த்துக்கொள்ளும்.

சட்டத்துக்கு ஆஷ் மரம். 2002இல் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்டாரியோவின் ஆஷ் மரங்களைப் பெருமளவு கொன்றுவிட்டது. அதனால் தச்சர் ஒவ்வொரு துண்டையும் தங்கம் போலக் கையாளுகிறார். சட்டத்தின் முன்விளிம்பைத் தொடை உறுத்தாமல் உருட்டிச் செதுக்கி, முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்வாகப் பொருத்தினார். எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதற்கு அவர் உரிமையாளரின் காலணியைத்தான் கேட்டார். சட்டம் தாழ்ந்திருந்தால் ஆள் ஆடாமல் நிலையாக இருப்பார். ஆனால் படகு கவிழும்போது கால் அடியில் சிக்கிக்கொள்ளும். காலணி உரசாமல் உள்ளே போய் வெளியே வரும் உயரமே முடிவான உயரம்.

நாலே துளைகள். விளிம்புச் சட்டத்தில் கிட்டக்கிட்டத் துளை போட்டால் அந்த இடத்திலேயே முறியும் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசித்தார். போல்ட்டுகள் வெண்கலம், இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கிவிடும். நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். அடுத்த வருஷம் மனைவி வரும்போது சட்டம் கொட்டகைக்குப் போய்விடும்.

அந்தப் பயணத்திலேயே ஊரிலுள்ள கனடியக் கனூ அருங்காட்சியகத்துக்கும் போயிருந்தேன். 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்கு வந்த அந்த அருங்காட்சியகத்தில் 600க்கு மேற்பட்ட படகுகள் இருக்கின்றன. இந்நிலத்தின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் தங்கள் படகை ‘ஜீமான்’ என்பார்கள். பிர்ச் மரப்பட்டையால் ஆன அந்த மரபுப் படகுகளில் பொதுவாக இருக்கையே கிடையாது. தரையில் மண்டியிட்டுத்தான் ஓட்டினார்கள். நம் கட்டுமரக்காரர்களும் குதிகாலின்மேல் அமர்ந்துதான் துடுப்புப் போட்டார்கள். இருக்கை இல்லாத படகில் ஆள் இருக்கும் இடம் தினமும் மாறலாம். ஒருவருக்கென்றும் இருவருக்கென்றும் அது பிரிந்து நிற்பதில்லை. பட்டறையில் நடந்த வேலை எனக்கு அந்தப் பழைய சுதந்திரத்தை மீட்பதாகவே பட்டது.

மாலை மூன்றரை மணிக்குப் படகு மறுபடி ஆற்றில் இறங்கியது. உரிமையாளர் மண்டியிட்டு, உடலை ஒரு பக்கம் ஒதுக்கிப் படகைச் சாய்த்தார். கவிழப்போகிறது என்று எனக்குப் பதைப்பு. அல்கான்கின் பூங்காவில் வழிகாட்டியாக இருந்த ஓமர் ஸ்ட்ரிங்கர் பல தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த முறை இது என்று தச்சர் விளக்கினார். மூன்றடி அகலப் படகின் நடுவிலிருந்து கை எட்டித் தண்ணீரைத் தொடுவது சிரமம். சாய்த்துவிட்டால் தண்ணீர் கைக்கடியில் வந்துவிடுகிறது. முனைகள் மேலெழுந்து, நீரில் படும் நீளம் குறைய, பெரிய படகு சின்னப் படகு போலத் திரும்புகிறது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டும், ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மணிக்கட்டைத் திருப்பி வெளியே தள்ளி, நேர்க்கோட்டில் எதிர்க்கரை போய் வந்தார்.

கனடாவில் வாழும் நண்பர்கள் பலர் பழைய இருவர் படகை விற்றுவிட்டுத் தனியாள் படகு வாங்க நினைப்பதைக் கேட்டிருக்கிறேன். விற்பதற்கு முன்னால் ஒருநாள் உயிர்காப்பு அங்கி அணிந்து, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில், கூட ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு, ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து வைத்து மண்டியிட்டுப் பாருங்கள்.