மின்மினிக்கு வேண்டிய இருள்

“மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது” என்பர் நம் முன்னோர். இம்மொழிக்கு மின்மினிப் பூச்சியே தக்க சான்று. நகக்கண் அளவேயான அது, தமிழகத்துக் காடு ஒன்றின் பெருமையை இலண்டன் மாநகர் வரை கொண்டு சென்றுவிட்டது!

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் கானுயிர்ப் புகைப்படப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. 1965இல் தொடங்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டுப் போட்டிக்கு 95 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 50,000 படங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் முதுகெலும்பற்ற உயிர்களின் வாழ்க்கையைக் காட்டும் பிரிவில் வென்றவர் நம் தமிழகத்தின் திரு. ஸ்ரீராம் முரளி அவர்கள். கணினிப் பொறியாளராகப் பணியாற்றியவர். இரவு வானத்தின்மீது கொண்ட ஆர்வத்தால் கேமராவை ஏந்தியவர்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எடுத்த படம் அது. இருண்ட மரங்களுக்கிடையே எண்ணற்ற மஞ்சள் ஒளிப்பொட்டுகள்! ஒவ்வொன்றும் 19 வினாடி ஒளியேற்ற 50 படங்களை ஒன்றாக இணைத்திருக்கிறார். பெருக்கிப் பார்த்தேன், 950 வினாடிகள், அதாவது ஏறக்குறைய 16 நிமிடங்கள். அந்த 16 நிமிடமும் காட்டில் வேறொரு விளக்கு எரிந்திருந்தால் படம் ஏது, பரிசு ஏது?

படத்துக்கு மட்டுமா இருள் வேண்டும்? மின்மினி ஒரு வண்டினம். தன் இணையை அழைக்கவே அது மின்னுகிறது. நம் மின்விளக்குகளின் வெளிச்சத்தில் அவ்வழைப்பு மங்கிவிடுகிறது. இணை சேராவிடில் அடுத்த தலைமுறை ஏது? செயற்கை ஒளி இரவு வானை மறைப்பதைப் பற்றித் திரு. முரளி முன்னரே ஒரு குறும்படமும் எடுத்திருக்கிறார்.

இராஜபாளையத்தில் எங்கள் வீடு மாந்தோப்பை ஒட்டியது. “அந்தக் காலத்தில் மழை விட்டதும் தோப்பெல்லாம் மினுமினுக்கும், தாயி” என்பார் பாட்டி. நான் அதைக் கண்டதில்லை. எங்கள் கொல்லைப்புற விளக்கு விடிய விடியத் தோப்பை நோக்கி எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கலாமா என்று கேட்டேன். “பூச்சி பொட்டு நடமாடும் இடம், பெண் பிள்ளைகள் உள்ள வீடு, வெளிச்சம் இல்லாமல் முடியுமா?” என்றார் அம்மா. அதிலும் நியாயம் இருந்தது. அப்பாதான் வழி கண்டார். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, விளக்குக்கு மூடிபோல் மாட்டினார். வெளிச்சம் நடைபாதையில் விழுந்தது. தோப்பு இருளில் நின்றது. ஐப்பசி மழை ஓய்ந்த ஓர் இரவு, மாமரத்தடியில் மூன்று மின்மினிகளைக் கண்டேன். பாட்டியின் கண்ணுக்கு மூன்றும் அற்பம், எனக்கோ ஆனந்தம்!

தோழியரே, 2021 முதல் நம் மலைத்தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகத் திகழ்கிறது. அங்கே நரை அணிலையும் யானையையும் காக்க வனத்துறை உண்டு. ஊருக்குள் மின்மினியைக் காக்க நம்மைத் தவிர யார் உண்டு? பரிசு பெற்ற படத்தைப் பார்த்துக் கைதட்டுவதோடு நில்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்து விளக்கை அணைப்போம். அணைக்க இயலாத விளக்கைத் தரை நோக்கித் திருப்புவோம். நமக்கு வெளிச்சமும் மின்மினிக்கு இருளும் ஒரே முற்றத்தில் இருக்க இடமுண்டு.