கசட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள்

மிச்சிகனில் நோவாய், கேன்டன், ட்ராய் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலரைப் போல நானும் கார்த் தொழிலை நம்பி வந்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டில் தொடங்கினேன். இங்கே வந்தும் அதே வேலைதான். முன்பக்க கிரில், கதவுக் கைப்பிடி, ஓரப்பட்டை என்று குரோம் பிளேட்டிங் ஆகி வரும் பாகங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ கொப்புளமோ மங்கலோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்தப் பளபளப்பு ஒரு அமிலத் தொட்டியில் பிறக்கிறது. மின்சாரம் பாயும்போது குமிழிகள் உடைந்து எழும் குரோமியப் புகை புற்றுநோய் தரக்கூடியது. தொழிலாளியின் மூச்சில் அது ஏறிவிடாமல் இருக்கத் தொட்டியில் ஒரு புகைத்தடுப்பு ரசாயனம் சேர்ப்பார்கள். பல ஆண்டுகள் அதில் இருந்த சரக்கு பிஎஃப்ஓஎஸ். லேசில் சிதையாத 'பிஃபாஸ்' ரசாயனக் குடும்பத்தில் ஒன்று. பாகங்களை அலசிய தண்ணீரோடு அது சாக்கடையில் இறங்கியது, நகரக் கழிவுநீர் நிலையத்துக்குப் போனது, அங்கே கசட்டில் ஒட்டிக்கொண்டது. கசடு வயலுக்குப் போனது.

கசடு வயலுக்குப் போவது இங்கே ஒளிவுமறைவான காரியம் இல்லை. கழிவுநீர் நிலையத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்ட பிறகு அடியில் தங்குவதைத் தொட்டிகளில் நொதிக்க வைத்து, கிருமிகளைக் குறைத்து, டேங்கரில் ஏற்றிப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். மக்காச்சோளம் அறுத்த பிறகு நோவாயைத் தாண்டி மேற்கே லிவிங்ஸ்டன் கவுண்டிப் பக்கம் காரில் போனால், மண்ணைக் கீறிக்கொண்டு போகும் வண்டியின் பின்னால் கருப்புக் குழம்பு உள்ளே இறங்குவதைப் பார்க்கலாம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. விவசாயிக்கு உரச்செலவு மிச்சம், நகரத்துக்கு அதைக் கொட்ட இடம் தேடும் கவலை மிச்சம். ஏற்பாட்டில் நான் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் விளைந்தது மண்ணுக்கே திரும்புவது நல்லதுதான். கூடவே வேறு என்ன திரும்புகிறது என்று பார்க்க வேண்டியது யார் என்பதுதான் என் கேள்வி.

மத்திய அரசின் விதி 1993-இல் வந்தது. ஒரு கிராம் காய்ந்த கசட்டில் எத்தனை மலக்கிருமி இருக்கலாம், பரப்பிய பிறகு எத்தனை நாள் மாடு மேய்க்கக் கூடாது, ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் எவ்வளவு வரை போகலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. முதலில் பத்து உலோகங்கள் இருந்தன. தோல் தொழில் சங்கம் வழக்குப் போட்டு வென்றதால் குரோமியம் நீக்கப்பட்டு இப்போது ஒன்பது. பிஃபாஸ் அந்தப் பட்டியலில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2018-இல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் சொந்தத் தணிக்கை அதிகாரியே எழுதிய அறிக்கை, கசட்டில் காணப்பட்ட 352 மாசுகள் பாதுகாப்பானவையா இல்லையா என்று முகமையால் சொல்ல முடியவில்லை என்கிறது. கசட்டைக் கவனிக்கும் பிரிவுக்கு ஆளும் பணமும் குறைக்கப்பட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்த விதியை நடத்தும் பொறுப்பை மாநிலங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாநில ஆளுநர் (இங்கே அவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி) கடிதம் எழுத வேண்டும். தங்கள் சட்டம் மத்தியச் சட்டத்துக்குக் குறைந்ததில்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் சான்று தர வேண்டும். பிறகு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அதன்பின் அனுமதி கொடுப்பதும் ஆண்டறிக்கை வாங்குவதும் சோதனைக்குப் போவதும் மாநிலத்தின் வேலை. மத்திய முகமை மேலே இருந்து பார்க்கும், தேவைப்பட்டால் தானே நடவடிக்கை எடுக்கும், பொறுப்பைத் திரும்பப் பிடுங்கவும் செய்யலாம். கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி கொடுக்கும் பொறுப்பை இப்படி வாங்கிக்கொண்ட மாநிலங்கள் 47. கசட்டை வாங்கிக்கொண்டவை ஒன்பதே ஒன்பது. மிச்சிகனுக்கு 2006 செப்டம்பரில் கிடைத்தது. கடைசியாக ஐடஹோ, 2021-இல். மற்ற மாநிலங்களின் மத்திய அறிக்கைகளெல்லாம் கான்சாஸில் லெனெக்ஸா என்ற ஊரில் இருக்கும் ஒரு மத்திய அலுவலகத்துக்குப் போகின்றன. வாங்கிக்கொள்ள ஏன் தயக்கம் என்று கேட்டால் விடை எளிது. வேலை வரும், அதற்கான ஆள் சம்பளம் கூடவே வராது.

மிச்சிகன் வாங்கிக்கொண்டதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். 2017-இல் லபீர் என்ற சிற்றூரின் கசட்டில் நூறு கோடியில் 2,100 பங்கு பிஎஃப்ஓஎஸ் இருப்பது தெரிந்தது. காரணம் ஒரு பிளேட்டிங் கடை. 2015-லேயே அந்தப் புகைத்தடுப்புச் சரக்கு தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் தொட்டியிலும் குழாயிலும் ஊறிப்போனது எளிதில் போகவில்லை. 2018-இல் மாநில அரசு, ஆலைத் தண்ணீர் வந்து சேரும் 95 கழிவுநீர் நிலையங்களையும் கூப்பிட்டு, உங்கள் சாக்கடையில் இதை விடுவது யார் என்று தேடிச் சொல்லுங்கள் என்றது. எங்கள் பக்கத்து ஊர் விக்சத்தின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. ஹூரான் ஆற்றில் பிடித்த மீனைத் தின்ன வேண்டாம் என்று 2018 கோடையில் எச்சரிக்கை வந்ததற்கு மூலமும் அங்கேயிருந்த ஒரு பிளேட்டிங் ஆலைதான். கரி வடிகட்டி வைத்ததும் அளவு மளமளவென்று இறங்கியது. எந்தத் தெருவில் எந்தக் கடை, அதன் குழாய் எந்தச் சாக்கடையில் சேருகிறது என்று அறிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடிந்தது. லெனெக்ஸாவில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

2021-இல் மாநிலம் தானாகவே ஒரு வரம்பும் வைத்தது. நூறு கோடிக்கு 150 பங்கு பிஎஃப்ஓஎஸ்-க்கு மேல் இருந்தால் அந்தக் கசடு வயலுக்குப் போகக் கூடாது. பிறகு அதை 125 ஆக்கி, மேலும் 100 ஆகக் குறைத்தார்கள்.

ஆனால் விக்சம் கசடு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. லிவிங்ஸ்டன் கவுண்டியில் தலைமுறைகளாக மாடு வளர்க்கும் ஒரு குடும்பம், அரசு அனுமதித்த உரம் என்று நம்பி அதை வாங்கி நிலத்தில் போட்டது. அந்த நிலத்தில் விளைந்த தீவனத்தை மாடு தின்றது. 2022 ஜனவரியில் அந்த மாட்டிறைச்சியில் பிஎஃப்ஓஎஸ் இருக்கிறது, சாப்பிட வேண்டாம் என்று மாநிலம் அறிவித்தது. இறைச்சியில் எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய அரசிடம் அளவுகோலே இல்லாததால், அது தடைகூட இல்லை, அறிவுரைதான். அந்த அறிவுரையோடு ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றுபோனது.

அன்று சாயங்காலமே எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிட்டது. "அக்கா, நாம ஆட்டுக்கறி வாங்குற பண்ணையும் அந்தப் பக்கம்தானே? பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?" இங்கே தமிழர்கள் பலர் பண்ணைக்கே போய் ஆட்டை வெட்டி வாங்கி வருகிறவர்கள். முட்டையும் அப்படித்தான். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் வேறு யாருக்கும் தள்ளிவிடவில்லை. பண்ணை இருக்கும் டவுன்ஷிப்பின் பெயரைக் கேட்டார், அந்தப் பக்கம் கசடு அனுப்பும் நிலையம் எது, அதன் சோதனையில் என்ன வந்தது, எந்த வயலுக்குப் போகவே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டதை அப்படியே தமிழில் குழுவில் எழுதினேன். வந்த நாட்டில் அரசாங்கம் என்றால் விசாவும் வரியும் என்றே இருந்த எங்களுக்கு, சாக்கடையைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் உண்டு என்பது அன்றைக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மாநிலத்தின் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸும் 1998-இலேயே பொறுப்பை வாங்கிக்கொண்ட மாநிலம். கசட்டின் சுமையை அதற்கு முன்பே நன்றாக அறிந்த மாநிலமும்கூட. கடலில் கொட்டக் கூடாது என்று 1988-இல் சட்டம் வந்து, நியூயார்க் நகரம் 1992-இல் அதை நிறுத்தியபோது, அந்த நகரத்தின் கசடு ரயிலேறி மேற்கு டெக்சாஸின் சியெரா பிளாங்கா என்ற ஏழை ஊருக்குப் போய்ப் பாலைவனப் புல்வெளியில் பரப்பப்பட்டது. 2001 வரை அது நடந்தது. பிற்பாடு டல்லாஸுக்குத் தென்மேற்கே ஜான்சன் கவுண்டியில் கால்நடை வளர்ப்பவர்கள், பக்கத்து வயலில் போட்ட கசட்டு உரத்தால் தங்கள் தண்ணீரும் மாடும் கெட்டன என்று வழக்குப் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்தக் கவுண்டி பேரிடர் அறிவித்தது. மிச்சிகன் கையில் இருக்கும் அதே மத்திய ஒப்புதல் டெக்சாஸ் கையிலும் இருக்கிறது. மிச்சிகன் விதிக்கு மேலே போய் வரம்பு வைத்தது, டெக்சாஸ் வைக்கவில்லை. மறுபுறம் மெய்ன் மாநிலம் அந்த ஒன்பதில் சேர்ந்ததுகூட இல்லை. ஆனாலும் 2022-இல் கசட்டை நிலத்தில் பரப்புவதையே சட்டம் போட்டு நிறுத்தியது. அனுமதிக் கையெழுத்து யாருடையது என்பதைவிட, கையெழுத்துப் போடுகிறவர் சாக்கடையைத் தோண்டிப் பார்க்கத் தயாரா என்பதே இதில் வித்தியாசம் செய்கிறது.

அதனால்தான் பொறுப்பை மாநிலத்திடம் கொடுத்துவிட்டு மத்திய அரசு கையைக் கழுவிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2025 ஜனவரியில் வந்த மத்திய முகமையின் வரைவு ஆய்வு, நூறு கோடிக்கு ஒரு பங்கு அளவில் இருந்தாலே, அந்த நிலத்தின் விளைச்சலையும் பாலையும் இறைச்சியையும் நம்பி வாழும் பண்ணைக் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடும் என்கிறது. மிச்சிகனின் வரம்பு அதைவிட நூறு மடங்கு. நாடு முழுக்கச் செல்லும் அளவுகோலை மத்திய அரசு வைக்கட்டும், தேடும் வேலையை மாநிலம் செய்யட்டும், அதற்கான சோதனைக்கூடச் செலவும் ஆய்வாளர் சம்பளமும் கூடவே வரட்டும். சோதனைச் செலவை எங்கள் சாக்கடைக் கட்டணத்தில் கூட்டினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். அந்த குரோம் பாகங்களால் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள்.

அனுமதி கொடுத்தவர்கள் நஷ்டத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மெய்ன் பரப்புவதை நிறுத்தியதோடு விட்டுவிடவில்லை. நிலம் கெட்டுப்போன விவசாயிகளுக்கு வருமான உதவிக்கும், நிலத்தை அரசே வாங்கிக்கொள்வதற்கும், அவர்களின் உடல்நலச் சோதனைக்கும் 6 கோடி டாலர் ஒதுக்கியது. மிச்சிகனும் அதே அளவில் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். கடிதத்தில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பட்ஜெட் விசாரணைக்கு மாநிலத் தலைநகர் லான்சிங் போய் நேரில் பேசவும் பெயர் கொடுத்திருக்கிறோம்.